சாரலில் இறுகாத ஓடு

சுடலைக்கண்ணுவிடம் பேசுவதற்கு அவன் மகளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது அவள் குற்றாலத்தில் விட்டுவந்த மூன்று ஆமைக்குஞ்சுகள்.

மகள் இராமலட்சுமிக்கு அப்போது ஏழு வயது. சிவகிரியில் தாய்மாமன் உச்சிமாகாளியின் வீட்டில் வளர்ந்தாள். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஒன்று தென்காசியிலிருந்து சிவகிரி வழியாகப் போய்வந்தது. மேடு வந்தால் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். மாதம் ஒரு முறை சுடலைக்கண்ணு அந்த பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு மகளைப் பார்க்கப் போனான்.

அவன் பண்பொழியில் பிறந்தவன். பேரருவிக்குக் கீழே, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். அதில் பெரிய பேர் எடுத்தவன் என்று சொல்ல முடியாது. மிராசுதார்களும் வக்கீல்களும் இசக்கிப்பாண்டியைத் தேடித்தான் வருவார்கள். இசக்கிப்பாண்டியிடம் கையும் இருந்தது, வாயும் இருந்தது. சுடலைக்கண்ணுவிடம் கை மட்டும்தான். கூட்டம் மிஞ்சினால் அவனிடம் ஆள் வரும். சீசன் முடிந்துவிட்டால் பண்பொழிப் பக்கம் வயல் வேலைக்குப் போவான். குற்றாலத்துச் சந்து ஒன்றில் ஓட்டு வீடு, மனைவி தங்கத்தாய், ஒரு பிள்ளை. இதற்கு மேல் வேண்டும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. போதும் என்று நினைத்தானா, கேட்கத் தெரியவில்லையா என்பது வேறு விஷயம்.

ஒரு கோடையில் குளம் வற்றி, கரம்பை மண் ஏற்றிவந்த வண்டி பக்கத்துத் தென்னந்தோப்பில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. அதில் விளையாடிய இராமலட்சுமி அசைகிற மண்ணாங்கட்டிகள் மூன்றைப் பொறுக்கித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் கொண்டுவந்தாள். கழுவினால் ஆமைக்குஞ்சு. வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிது. கறுத்த ஓட்டின் மேல் மூன்று மெல்லிய வரப்புகள்.

ஆமை வீட்டுக்குள் வரக் கூடாது என்று தங்கத்தாய்க்கும் தெரியும். கிணற்றில் விடலாம், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். வாசல் நடையைத் தாண்டிவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது. ஆனால் பிள்ளை அழுதது. அடுக்களைக்குப் பின்னால் தாழ்வாரத்தின் ஓரம் ஒரு மண்தொட்டி கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் கல் வைத்து, “இது வீடுமில்ல, கெணறுமில்ல. கெடந்துட்டுப் போகட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அடுத்த தை மாதம் குளிர்காய்ச்சலில் தங்கத்தாய் இறந்துபோனாள். சாவுக்கு வந்த உச்சிமாகாளி அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அடுப்போரத்தில் ஒரு ஆமைக்குஞ்சு நடந்துகொண்டிருந்தது. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தங்கையை இழந்தவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காய்ச்சலைக் கொண்டுவந்த கொசுவைவிட ஆமை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

காரியம் முடிந்ததும் சொன்னார்: “பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. அந்தச் சனியனுவ உம்ம வீட்ட விட்டுப் போன பொறவு வந்து கூட்டிட்டு வாரும். உம்ம பிள்ள. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?”

மறுநாளே சிற்றாற்றில் விட்டுவிடலாம் என்று சுடலைக்கண்ணு நினைத்தான். மறுநாள் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. அதற்கடுத்த நாட்களும் அப்படித்தான் போயின. போகிறபோது வருகிறபோது ஒரு பிடிச் சோற்றைத் தொட்டியில் போட்டான். தங்கத்தாய் மீன் கழிவையும் கீரையையும் சேர்த்துப் போட்டுவந்தது அவனுக்குத் தெரியாது. முதல் முறையாகச் சிவகிரிக்குப் போகும்போது, திரும்பி வந்தவுடன் ஆமைகளை விட்டுவிட்டு, அடுத்த மாதம் பிள்ளையைக் கூட்டிவருவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனான்.

அங்கே இராமலட்சுமி அத்தை மூக்கம்மாளின் சேலைக்குப் பின்னால் நின்றாள். தலை வாரி எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. புதுப் பாவாடை. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்பட வேண்டும். அவனும் சந்தோஷப்பட்டிருப்பான், அவள் அவனை மாமா வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பார்க்காமல் இருந்திருந்தால்.

“உங்க அப்பாட்ட பேசேன் ஏட்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாள் மூக்கம்மாள்.

அவன் சாப்பிட்டான். அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

“யப்பா, ஆமக்குட்டி சாப்பிடுதா?”

“சாப்பிடுதுளா.”

“மூணுமா?”

“மூணுந்தான். சின்னதுதான் கள்ளன். சோத்த முழுங்கிட்டுக் கல்லுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிடுது.”

அவள் சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. சின்னது ஒளிந்துகொள்கிறதா இல்லையா என்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் தொட்டியை உற்றுப் பார்த்தே நாளாகியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அவன் கணக்கு மாறிவிட்டது. ஆமைகளை ஆற்றில் விட்டால் பிள்ளையைக் கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் ஓடப்போவது அந்தத் தொட்டிக்குத்தான். அதில் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவனைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு என்ன பேசுவது? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான். ஒரு முடிவை இப்படித் தள்ளிவைக்கிறவனைக் கோழை என்று சொல்வது சுலபம்.

அதன் பிறகு தொட்டியின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். எது முதலில் தலை நீட்டுகிறது, எது மற்றதன் முதுகில் ஏறுகிறது என்று பார்த்து மனசில் வைத்துக்கொண்டான். மாதா மாதம் அதைச் சிவகிரிக்குக் கொண்டுபோனான். இராமலட்சுமி இப்போது சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவின் காதில் விழாமல் கேட்டாள். அவன் சொன்னான். வேறு எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

ஆனி பிறந்தது. மலை மறைந்து சாரல் இறங்கியது. குற்றாலத்துக்குப் பணம் வருகிற மாதங்கள் அவை. வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிற மாதங்களும் அவைதான். ஒரு நாள் காலையில் ஆமை ஒன்றைக் கையில் எடுத்தபோது அவன் பெருவிரலுக்கு அடியில் ஓடு அமுங்கியது. வெந்த பனங்கிழங்கின் தோலைத் தொட்டது போலிருந்தது. மற்ற இரண்டையும் எடுத்து அமுக்கிப் பார்த்தான். எல்லாம் அப்படித்தான். கண் இமைகள் வீங்கியிருந்தன. போட்ட சோறு போட்டபடி ஊறிக் கிடந்தது.

ஓடு இறுக வேண்டும். எது இறுக்கும்? சுவரை இறுக்குவது சுண்ணாம்பு. தளத்தை இறுக்குவது சுண்ணாம்பு. அவன் இடுப்பில் வெற்றிலைக்காக ஒரு டப்பி நிறையச் சுண்ணாம்பு எப்போதும் இருந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துத் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டு அருவிக்குப் போனான்.

திரும்பி வந்தபோது சின்னது கவிழ்ந்து மிதந்தது. அதன் கண்கள் வெள்ளையாகிவிட்டிருந்தன. மற்ற இரண்டும் கல்லின் மேல் ஏறித் தப்பித்திருந்தன. அவற்றைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான்.

அந்த மாதம் சிவகிரியில் இராமலட்சுமி கேட்டாள்: “மூணும் நல்லா இருக்கா?”

“மூணும் நல்லா இருக்கு.”

ஆனி கடைசியில் ஏசுதாசன் வந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் மாட்டு டாக்டர். சீசனுக்குத் தவறாமல் வருகிறவர், இசக்கிப்பாண்டியிடம் தேய்த்துக்கொள்கிறவர். அன்று இசக்கிப்பாண்டிக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பெரிய உடம்பு படுத்திருந்தது. ஏசுதாசன் சுடலைக்கண்ணுவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“என்னவே, கை இங்கன தேய்க்குது, நெனப்பு எங்கன நிக்குது?”

சுடலைக்கண்ணு தயங்கினான். “ஐயா மாட்டுக்கு மட்டுந்தான் பாப்பீயளா? ஆமைக்குப் பாக்க மாட்டீயளோ?”

இசக்கிப்பாண்டி பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தான். “கேட்டீயளா டாக்டர்? இவன் ஆமைக்கும் எண்ணெ தேச்சு விடுதானாம். எங்கன முதுகுன்னு தெரியாம முழிக்கான்!”

அவன் முன்னால் படுத்திருந்த பெரிய உடம்பும் குலுங்கியது. ஏசுதாசனும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஆமைக்கு என்ன?” என்றார்.

“ஓடு மெத்துனு போச்சு ஐயா. குஞ்சுவ.”

“என்ன தீனி?”

“சோறு.”

“வெறுஞ்சோறா? வேற ஒண்ணும் போடலியா?”

“சுண்ணாம்பு குடுத்துப் பாத்தேன்.”

“எந்தச் சுண்ணாம்பு?”

சுடலைக்கண்ணு டப்பியைக் காட்டினான். ஏசுதாசன் முகம் சுருங்கியது. “அட பாவி! வெத்தலையில பட்டும் படாமத் தடவுனாலே நமக்கு நாக்கு வெந்துபோகுது. குஞ்சு என்னத்துக்கு ஆகும்?”

“ஒண்ணு போச்சு” என்றான் சுடலைக்கண்ணு. கை தேய்த்துக்கொண்டேதான் இருந்தது.

ஏசுதாசன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நீ நெனச்சது தப்பில்ல. ஓட்டுக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துதான். ஆனா தீனியோட போகணும். முட்ட ஓட்ட வறுத்துப் பொடிச்சுப் போடு. மருந்துக் கடையில கடல்நுரை கேளு, கணவா மீனோட ஓடுதான் அது. ஒரு துண்டத் தண்ணியில போட்டா அதுவே கடிச்சுக்கிடும். அயிரை மீனு, நத்த எல்லாம் முள்ளோட ஓட்டோட குடு. முருங்கக்கீரைய நறுக்கிப் போடு. அதுக்கு மேல, வெயிலு வேணும்.”

“வெயிலா?” சுடலைக்கண்ணு அண்ணாந்து பார்த்தான். அருவி விழுகிற உச்சிகூடத் தெரியவில்லை.

“வெயில் படாம வளர்ற பிள்ளைக்குக் காலு வளைஞ்சு போகுதுல்லா? என்ன சத்து குடுத்தாலும் எலும்புல சேராது. இதுவும் அப்படித்தான் இருக்கணும். குஞ்சாயிருக்கும்போதுதான் பாடு. பெருசாயிட்டா தாங்கிக்கிடும். ஆனா ஒண்ணு, நான் ஆமை வைத்தியம் படிச்சவன் இல்ல. கோழியையும் மாட்டையும் வச்சுச் சொல்லுதேன்.”

தெரிந்ததையும் ஊகிப்பதையும் இப்படிப் பிரித்துச் சொல்கிறவர்கள் குறைவு. சுடலைக்கண்ணு அந்தப் பிரிவைக் கவனிக்கவில்லை. அவனுக்கு எல்லாம் வேதவாக்காகப் பட்டது.

சீசனுக்கு ஆள் தங்குகிற பங்களாக்களின் சமையல்காரர்களிடம் முட்டை ஓடு கேட்டு வாங்கினான். வறுத்து உரலில் இடித்தான். தென்காசி மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டபோது கடைக்காரர், “யாருக்கு, காது வலிக்கா?” என்றார்.

“ஆமைக்கு.”

“ஆமைக்குக் காது எங்கன இருக்கு?” என்று அவர் நிஜமாகவே யோசித்தார்.

கொஞ்சம் பலன் இருந்தது. வீக்கம் வடிந்து கண்கள் திறந்தன. அயிரையை இழுத்து இழுத்துத் தின்றன. கடல்நுரைத் துண்டில் பல் இல்லாத வாய்களின் தடம் விழுந்தது. ஓடு மட்டும் இறுகவில்லை. வெயில் இல்லை. காலையில் பானையில் அவற்றை எடுத்துக்கொண்டு தென்காசியையும் தாண்டிக் கிழக்கே நடந்து பார்த்தான். சில நாள் வானம் வெளுத்து, ஒரு வரப்பில் உட்கார்ந்து அவற்றுக்கு வெயில் காட்ட முடிந்தது. பல நாள் அங்கேயும் சாரல் துரத்திக்கொண்டு வந்தது. திரும்பி அருவிக்கு வரும்போது ஆட்கள் குளித்துப் போயிருப்பார்கள்.

“சம்பந்தி வீட்டுக்குப் பொண்ணு காட்டக் கூட்டிட்டுப் போறியாலே தெனமும்?” என்றான் இசக்கிப்பாண்டி. “மாப்பிள்ளைக்குப் பிடிச்சுதா?”

“ஓடு மெத்துனு இருக்காம். வேண்டாம்னுட்டான்” என்றான் சுடலைக்கண்ணு.

சீசன் ஆவணி வரைக்கும் நீளும். அதுவரை இவை தாங்காது என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. சிவகிரியில் உச்சிமாகாளியின் தோட்டம் ஞாபகம் வந்தது. ஊருக்கு வெளியே, கமலைக் கிணறு, பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டி. நிழலுக்கு ஒரு வேம்பு. மற்றபடி காலையிலிருந்து மாலைவரை வெயில். அங்கே கொண்டுபோய்விட்டால் பிழைக்கும். ஆனால் அதன் பிறகு மகள் அவனிடம் எதைக் கேட்பாள்? கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, எல்லாம் அவள் கண்ணெதிரிலேயே இருக்கும். இதை நினைத்துக்கொண்டு இரண்டொரு நாள் சும்மா இருந்தான். பிறகு பானை வாயை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

“பானையில என்ன அண்ணாச்சி, கள்ளா?” என்று பக்கத்தில் இருந்தவர் ஆசையோடு கேட்டார்.

“ஆமை.”

அவர் எழுந்து போய்ப் பின்னால் நின்றுகொண்டார். சிவகிரி வரை சுடலைக்கண்ணுவுக்கு இடம் தாராளமாக இருந்தது.

அவன் வீட்டுக்குள் போகவில்லை. தெருவிலேயே நின்று கூப்பிட்டான். உச்சிமாகாளி வந்து பானையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“இன்னும் வச்சிருக்கீரா? ஆத்துல விட்டிருப்பீர்னுல்லா நெனச்சேன்!”

“விடல மச்சான். அங்கன வெயிலு இல்லாம ஓடு இறுக மாட்டேங்குது. உங்க தோட்டத்துத் தொட்டியில கெடக்கட்டும். வீட்டுப் பக்கம் வராது.”

உச்சிமாகாளி வாயைத் திறப்பதற்குள் மூக்கம்மாள் நடையிலிருந்து சொன்னாள்: “நம்ம தோட்டத்துக் கெணத்துல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு. அது என்ன நம்மளத் தின்னுட்டா? அண்ணாச்சி தெருவுல நிக்காவ, முதல்ல தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.”

எல்லோரும் போனார்கள். இராமலட்சுமி முன்னால் ஓடினாள். தொட்டியடியில் அவன் துணியை அவிழ்த்ததும் பானைக்குள் கையை விட்டாள். ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு கையை விட்டுத் துழாவினாள்.

“ரெண்டுதான் இருக்கு.”

பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“மூணும் நல்லா இருக்குன்னு சொன்ன?”

“பொய் சொன்னேன்ளா. சின்னது செத்துப்போச்சு. ஓடு இறுகட்டும்னு வெத்தல சுண்ணாம்பப் போட்டுட்டேன்.”

“கண்ணு எரிஞ்சிருக்கும்லா?”

“எரிஞ்சிருக்கும்.”

அவள் அழவில்லை. கையிலிருந்ததை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது. அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன போடணும்?” என்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். பாதித் தொட்டிக்குக் கூடை கவிழ்த்து நிழலும் ஒளிய இடமும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கை கொத்திவிடும் என்பதையும் சொன்னான். அவள் உதடு அசைய அசையக் கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். உம்ம வீட்டுல இப்பம் ஒண்ணும் இல்ல. பிள்ளையக் கூட்டிட்டுப் போரும்.”

மூக்கம்மாள் சட்டென்று குனிந்து மிளகாய்ச் செடியில் எதையோ பறிக்க ஆரம்பித்தாள். சுடலைக்கண்ணு வாய் திறந்தபடி நின்றான். ஆமைகளின் ஓட்டைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு, அவற்றைக் கொண்டுவந்ததாலேயே நிபந்தனை தீர்ந்துபோகும் என்பது அதுவரை தோன்றவே இல்லை. தை மாதத்திலிருந்து ஏங்கியது இதற்குத்தான்.

“வாரியாளா?” என்றான் மகளிடம்.

“இதுகளுமா?”

“இதுக இங்கனதான் இருக்கணும். அங்கன சாரல்லா?”

“அப்பம் நான் வரல.”

“அத்த பாத்துக்கிடுவாள்ளா.”

“அத்த ஆமையத் தொட மாட்டா.” கொஞ்சம் யோசித்தாள். “நீ பாத்துக்கிட்டதுல ஒண்ணு செத்துப்போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, பஸ் வந்தது என்பது போலச் சொன்னாள்.

“ஏட்டி! அப்பன்கிட்ட பேசுத பேச்சா இது?” என்று கையை ஓங்கினார் உச்சிமாகாளி.

“விடுங்க மச்சான். சரியாத்தான் சொல்லுதா.”

“ஓடு இறுகின பொறவு வாரேன்” என்றாள் இராமலட்சுமி, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆவணியில் போனபோதும் ஓடு கொஞ்சம் அமுங்கியது. சாரல் நின்று, அருவியில் தண்ணீர் குறைந்து, புரட்டாசியில் அவன் மறுபடி போனான். வீட்டில் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு நேரே தோட்டத்துக்கு நடந்தான். இராமலட்சுமி தொட்டியடியில் இருந்தாள். முழங்கை வரை ஈரம். அவன் கேட்பதற்கு முன்பே அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நத்தை பிடிக்க எங்கே போக வேண்டும், முருங்கையில் எது இலையை மட்டும் தின்கிறது, எது மீனுக்குக் காத்திருந்து கீரையைத் தொடாமல் கிடக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அமுக்கினான். அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினான்.

“ரொம்ப அமுக்காத. வலிக்கும்.”

“இறுகிட்டுளா.”

“ஆமா.”

“அப்பம் கெளம்புவோமா?”

அவள் அவனைப் பார்த்தாள். வர மனமில்லாத முகம் இல்லை அது. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“நாம போயிட்டா இதுக்கு யாரு போடுவா? கூடக் கொண்டுபோனா அங்கன சாரல்ல மறுபடி மெத்துனு ஆயிரும்லா. பெருசாயிட்டா தாங்கிக்கிடும்னு டாக்டர் சொன்னாருன்னு நீதான சொன்ன? பெருசாகட்டும். பொறவு வாரேன்.”

“எம்புட்டுப் பெருசு?”

அவள் ஈரக் கைகள் இரண்டையும் அகல விரித்துக் காட்டினாள். அரிசி புடைக்கிற சுளவின் அகலம் இருக்கும். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

சுடலைக்கண்ணு எத்தனையோ கிணறுகளில் இந்தச் சாதி ஆமையைப் பார்த்திருக்கிறான். கிழடு தட்டிப் பாசி பிடித்ததும்கூடச் சோறு தின்கிற தட்டின் அகலத்தைத் தாண்டியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

“ஆகட்டும்ளா” என்றான். மடியிலிருந்து புதுக் கடல்நுரைத் துண்டை எடுத்து, கல்லில் தேய்த்து முனையை மழுக்கி, தொட்டித் தண்ணீரில் மெதுவாக மிதக்கவிட்டான்.